விக்கிக் குறிப்புச் செயலியில் குறிமுறையை எவ்வளவு தூரம் பயனர் கையில் விடலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விக்கி போல ஒன்றோடொன்று இணைந்த குறிப்புகளை எழுதி வைக்க ஒரு செயலியை உருவாக்குகிறீர்கள். குறிப்புகள் வெறும் உரைக் கோப்புகளாக வட்டில் இருக்கும். தடித்த எழுத்துக்கு எந்தக் குறி, தலைப்புக்கு எது, இணைப்புக்கு எது என்பதை ஒவ்வொரு பயனரும் ஓர் அமைப்புக் கோப்பில் ரெஜெக்ஸாக (உரையில் தேட வேண்டிய எழுத்துக் கோலத்தைச் சொல்லும் சூத்திரமாக) எழுதிக்கொள்ளட்டும் என்று திட்டமிட்டிருக்கிறீர்கள். இது சரியான வழியா, என்னென்ன சிக்கல் வரும் என்று கேட்கிறீர்கள்.

நோக்கம் சரி, வழி சரியில்லை. எழுதுகிறவர் விசைப்பலகையில் எதைத் தட்டுகிறார் என்பதை அவர் விருப்பத்துக்கு விடுங்கள். நீட்டிப்புகளுக்கு என்ன பெயர் வைக்கிறார் என்பதையும் விடுங்கள். திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை முழுக்கவே விட்டுவிடுங்கள். கோப்பில் சேமிக்கப்படும் வடிவம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். உங்களுக்கு முன்னே இந்தப் பாதையில் நடந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்ந்ததெல்லாம் பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் திட்டத்துக்கு மிக நெருங்கியது பிஎம்விக்கி என்ற விக்கி மென்பொருள். 2002-இல் தொடங்கியது, பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதில் ‘மார்க்கப்’ என்று ஒரு சார்பு உண்டு. அதற்கு நான்கு செய்திகளைக் கொடுக்க வேண்டும்: விதியின் பெயர், அது எந்தக் கட்டத்தில் இயங்க வேண்டும், எந்த ரெஜெக்ஸ் வடிவத்தைத் தேட வேண்டும், அதன் இடத்தில் எதை வைக்க வேண்டும். ‘இந்த விதிக்கு முன்’, ‘அந்த விதிக்குப் பின்’ என்று வரிசையையும் சொல்லலாம். ஒரே வரியில் புதிய குறி தயார். அந்த எளிமையால்தான் அந்த விக்கிக்கு ஏராளமான சிறு நீட்டிப்புகள் குவிந்தன. அதை நான் மதிக்கிறேன். தன் தளத்தைத் தானே நடத்தும் ஒருவருக்கு அதைவிட நெகிழ்வான கருவி அன்று குறைவு.

பிறகு வந்தது சோதனை. ரெஜெக்ஸின் பதிலீட்டுப் பகுதியை நிரலாகவே இயக்கும் ஒரு வசதி பிஎச்பியில் இருந்தது. பாதுகாப்புக் காரணத்தால் 2013-இல் வந்த பிஎச்பி 5.5 அதைக் கைவிடுமாறு எச்சரித்தது. 2015-இல் வந்த 7.0 அதை நீக்கியே விட்டது. அந்த வசதியை நம்பி எழுதப்பட்ட நீட்டிப்புகள் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியதாயிற்று. பயனர் எழுதிய விதிகள் செயலியின் உள்ளுறுப்பைத் தொட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். நீங்கள் ரெஜெக்ஸை அமைப்புக் கோப்பில் அனுமதித்தால், நீங்கள் இன்று பயன்படுத்தும் ரெஜெக்ஸ் இயந்திரத்தின் ஒவ்வொரு நுணுக்கமும் உங்கள் கோப்பு வடிவத்தின் பகுதியாகிவிடும். நாளை வேறு நிரல்மொழியில் கைப்பேசிச் செயலி எழுத நேர்ந்தால், அங்கே அதே ரெஜெக்ஸ் அதே பொருளைத் தராது.

இரண்டாவது, ஆர்க் மோட். ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பானுக்குள் 2003 முதல் இருந்துவரும் குறிப்பு முறை இது. தடித்த எழுத்து, சாய்வெழுத்து போன்றவற்றின் குறிகளுக்கு முன்னும் பின்னும் எந்த எழுத்துகள் வரலாம் என்பதைப் பயனரே மாற்றிக்கொள்ள ஒரு மாறி அதில் இருந்தது. 8.0 பதிப்பில் அதைப் பயனர் அமைப்புகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பயனர்கள் மாற்ற விடுவது தொல்லையாகிவிட்டது என்று மூலநிரலிலேயே குறிப்பு எழுதி வைத்தார்கள். ஈமாக்ஸ் பயனர்களைப் போல அமைப்புகளைக் கடைசி ஆணி வரை தாமே முடுக்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் வேறு எங்கும் இல்லை. அவர்கள் நடுவிலேயே இது பின்வாங்கப்பட்டது என்பதை நீங்கள் கனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே கோப்பு உங்கள் கணினியில் ஒரு மாதிரியும் இன்னொருவர் கணினியில் வேறு மாதிரியும் பொருள்பட்டால், அந்தக் கோப்பைப் படிக்கும் மற்ற நிரல்கள் எதை நம்புவது?

இந்தச் சிக்கலின் எல்லையைக் காட்டுவது டெக்ஸ். டானல்டு நூத் 1978-இல் வெளியிட்ட அந்த அச்சுக்கோப்பு மொழியில் ஒவ்வோர் எழுத்துக்கும் 0 முதல் 15 வரை ஒரு வகை எண் உண்டு. ஆவணத்தின் நடுவிலேயே அந்த எண்ணை மாற்றலாம். அந்த வரியிலிருந்து அந்த எழுத்துக்கு வேறு பணி. அபாரமான ஆற்றல்தான். அதன் விலை, ஒரு டெக்ஸ் ஆவணத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள டெக்ஸையே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது. வேறொரு கருவி மேலோட்டமாகப் படித்து, இங்கே இருப்பது தலைப்பு, அங்கே இருப்பது இணைப்பு என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அச்சுக்கோப்பவருக்கு அந்த விலை ஏற்றதாக இருக்கலாம். குறிப்புச் செயலிக்கு ஏற்காது. குறிப்பு என்பது பல கருவிகள் தொடும் பொருள்: தேடல், ஒத்திசைவு, காப்புப்பிரதி, வேறுபாடு காட்டும் கருவி, கைப்பேசியில் உள்ள இன்னொரு செயலி. பல ஆண்டுகள் கழித்து உங்கள் செயலியே இல்லாமல் போனாலும் அந்தக் கோப்புகள் இருக்கும்.

சரி, பயனருக்கு என்ன சுதந்திரம் கொடுக்கலாம்? இதில் நான் மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பேன்.

முதலாவது, உருவம் நிலையாக இருக்க, பெயர் மட்டும் திறந்திருக்கும் முறை. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற குறிமுறை இதை நன்றாகச் செய்தது. ஒரு சொல்லுக்குத் தனிப் பொருள் தர வேண்டுமானால் இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே ஒரு பெயர், அதையடுத்துச் சாய்மேற்கோளுக்குள் அந்தச் சொல். பெரிய பகுதிக்கு இரண்டு புள்ளிகள், ஒரு பெயர், இரண்டு முக்காற்புள்ளிகள். இந்த இரண்டு உருவங்கள்தாம். பெயர்களை எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆஸ்கிடாக் முறையும் இப்படித்தான்: பெயர், முக்காற்புள்ளி, இலக்கு, சதுர அடைப்பு. இதன் பெரும் நன்மை, பெயர் தெரியாத செயலிகூட உருவத்தை அடையாளம் கண்டுகொள்ளும் என்பது. ‘இங்கே ஏதோ ஒரு நீட்டிப்பு இருக்கிறது, எனக்கு அது தெரியாது, அப்படியே விட்டுவிடுகிறேன்’ என்று அது தாண்டிப் போகலாம். ரெஜெக்ஸ் விதியில் இந்த நாகரிகத்துக்கு வழியே இல்லை. விதி தெரியாத செயலிக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் இதையே மொழிகளுக்கும் நீட்டித்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘படிமம்:’, ‘பகுப்பு:’, ‘வார்ப்புரு:’ என்று எழுதுகிறோம். வழிமாற்றுக்கு ‘#வழிமாற்று’ என்கிறோம். ஆங்கில மூலப் பெயரை எழுதினாலும் அதே வேலை நடக்கிறது. இரட்டைச் சதுர அடைப்பு என்ற உருவம் எல்லா மொழி விக்கிகளிலும் ஒன்றுதான். உங்கள் செயலியிலும் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஒரு மூலப் பெயரும் எத்தனை மாற்றுப் பெயர்களும் இருக்கட்டும். ஆனால் சேமிக்கும்போது மூலப் பெயரையே எழுதுங்கள், திரையில் பயனரின் பெயரைக் காட்டுங்கள். மீடியாவிக்கியில் இந்தக் கடைசிப் படி இல்லை. ஒரு தமிழ்ப் பக்கத்தை வேறு மொழி விக்கிக்கு அப்படியே ஒட்டினால் தமிழ்ப் பெயர்கள் அங்கே வேலை செய்யாமல் நிற்பது அதனால்தான்.

இரண்டாவது அடுக்கு உள்ளீடு. எல்லோருக்கும் ஒரே குறி என்றால் கையில் சிரமப்படுகிறவர்கள் இருப்பார்கள் என்பது உண்மை. பயனர் குறியை மாற்றக் கேட்பதற்கு ஞாயமான காரணமும் பெரும்பாலும் இதுதான். ஜெர்மன் விசைப்பலகையில் சதுர அடைப்புக்குறிக்கு ‘ஆல்ட்ஜிஆர்’ விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் நிலைமை இன்னும் நெருக்கடி: சதுர அடைப்புக்குறிகள் இருக்கும் இரு விசைகளில் ‘ச’வும் ‘ஞ’வும் உட்கார்ந்திருக்கின்றன, ஒற்றை மேற்கோள் விசையில் ‘ய’, சாய்கோட்டு விசையில் ‘ழ’. விக்கிக் குறிமுறைகள் காலங்காலமாக நம்பியிருப்பது இந்த நான்கையும்தான்: இணைப்புக்கு [[ ]], தடித்த எழுத்துக்கு மேற்கோள்கள், சாய்வுக்கு //. தமிழ்99-இல் எழுதுகிறவர் ஒவ்வோர் இணைப்புக்கும் விசைப்பலகையை மாற்றிக்கொண்டோ மாற்று விசையைத் தேடிக்கொண்டோ இருந்தால், அவர் இணைப்பே போடமாட்டார். இணைப்பு இல்லாத விக்கி வெறும் கோப்புக் குவியல்.

இதற்குத் தீர்வு கோப்பு வடிவத்தை மாற்றுவது அல்ல. அவர் தனக்கு வசதியான ஏதோ ஒன்றைத் தட்டட்டும்: இரண்டு காற்புள்ளி, ஒரு குறுக்குவிசை, எதுவானாலும். தொகுப்பான் அதை அந்தக் கணமே [[ ]] ஆக மாற்றி, நடுவில் சுட்டியை நிறுத்தி, பக்கப் பெயர்களைப் பரிந்துரைக்கட்டும். இந்த மாற்றம் தட்டும் தருணத்தில் மட்டும் நடக்க வேண்டும். கோப்பைத் திறக்கும்போது நடக்கக் கூடாது. பழைய குறிப்பில் தற்செயலாக இரண்டு காற்புள்ளி இருந்தால் அது இணைப்பாகிவிடக் கூடாது அல்லவா? இந்த அடுக்கில் பயனர் ரெஜெக்ஸ் கேட்டாலும் கொடுக்கலாம், கேடு அவருடைய ஒரு விசைத்தட்டலோடு முடிந்துவிடும். ‘பின்செல்’ அழுத்தினால் சரியாகிவிடும்.

மூன்றாவது அடுக்கு தோற்றம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேமித்த குறிகளை மறைக்கலாம், நிறம் மாற்றலாம், நடைத்தாள் கொடுக்கலாம். பயனர்கள் ‘குறியை மாற்ற வேண்டும்’ என்று கேட்பதில் பாதிக்கு மேல் உண்மையில் ‘இந்தக் குறி என் கண்ணை உறுத்துகிறது’ என்பதுதான் என்பது என் எண்ணம். மறைத்துக் காட்டினாலே கேட்பது நின்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும், பயனர் சேமிப்பிலேயே தன் குறியை வைத்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் முடிவெடுக்கலாம். வேறு செயலியிலிருந்து ஆயிரக்கணக்கான குறிப்புகளோடு வருகிறவருக்கு அது உண்மையிலேயே தேவைப்படலாம். அப்படியானால் இரண்டு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்று, அந்த விதிகள் கோப்போடு பயணம் செய்ய வேண்டும். டிட்லிவிக்கி என்ற குறிப்புச் செயலியில் ஒரு குறிப்பின் தலையில் ஒரு வரி எழுதி, அந்தக் குறிப்புக்குள் மட்டும் சில விதிகளை அணைக்கலாம், அல்லது சில விதிகளை மட்டும் இயக்கலாம். ஆர்க் மோடும் பணி நிலைகளின் பெயர்களையும் இணைப்புச் சுருக்கங்களையும் கோப்பின் உள்ளேயே அறிவிக்க விடுகிறது. அமைப்பு எங்கோ ஒளிந்திருக்கும் கோப்புறையில் இல்லை, உரையின் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் கோப்பின் முதல் வரியில் எந்தக் குறிமுறைத் தொகுப்பு, எந்தப் பதிப்பு என்று எழுதிவிடுங்கள். அந்தத் தொகுப்பின் வரையறை அதே குறிப்பேட்டுக் கோப்புறையில் இருக்கட்டும்.

இரண்டு, விதி ரெஜெக்ஸாக இருக்கக் கூடாது, அறிவிப்பாக இருக்க வேண்டும். இப்படி:

வகை: இணைக்குறி
பெயர்: தனிப்படுத்தல்
தொடக்கம்: ==
முடிவு: ==
உள்ளே பிற குறிகள்: ஆம்
வரி தாண்டலாமா: இல்லை

இணைக்குறி என்பது தொடக்கமும் முடிவுமாக இரண்டாக வரும் குறி. இதில் பயனர் எழுதும் எதுவும் இயங்காது; உங்கள் பார்சர், அதாவது உரையைப் படித்துக் குறிகளைப் பிரித்தறியும் பகுதி, படிக்கும் தரவு மட்டுமே. ரெஜெக்ஸ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. 2016 ஜூலை 20 அன்று நிரலர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடங்கள் முடங்கியது. வரியின் முனைகளில் உள்ள வெற்றிடத்தை நீக்கும் சின்னஞ்சிறு ரெஜெக்ஸ்தான் காரணம். சுமார் 20,000 வெற்றிட எழுத்துகள் தொடர்ந்து வந்த ஓர் இடுகையில் அது பின்வாங்கிப் பின்வாங்கித் தேடிக்கொண்டே இருந்தது. தேர்ந்த நிரலர்கள் எழுதிய வரி அது. உங்கள் பயனர் ஓர் இரவில் எழுதும் விதியை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்? ரெஜெக்ஸ் கட்டாயம் என்றால் பின்வாங்காமல் நேர்கோட்டு நேரத்தில் முடியும் ஆர்இ2 போன்ற இயந்திரத்தையாவது எடுங்கள்.

அறிவிப்பாக இருப்பதன் இன்னொரு பலன், மோதல்களை ஏற்றும்போதே கண்டுபிடிக்கலாம் என்பது. மோதல்கள் எங்கே வரும் என்பதற்கு விக்கி வரலாறே பாடம். ஒவ்வொரு விக்கியும் ஒவ்வொரு குறி வைத்திருந்த குழப்பத்தைத் தீர்க்க, டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2006-இல் நடந்த விக்கிசிம் மாநாட்டிலிருந்து ‘விக்கி கிரியோல்’ என்ற பொதுக் குறிமுறை கிளம்பியது. 2007 ஜூலையில் 1.0 வந்தது. சாய்வெழுத்துக்கு // வைத்தார்கள். உடனே இணைய முகவரிகளில் வரும் :// அதோடு மோதியது. முக்காற்புள்ளியை அடுத்து வந்தால் அதைச் சாய்வாகக் கொள்ளாதே என்று விலக்குகள் தேவைப்பட்டன. அதே கிரியோலில் ** என்பது தடித்த எழுத்து, இரண்டாம் நிலைப் பட்டியலும் அதுவே. வரியின் தொடக்கத்தில் ** வந்தால், அதற்கு முந்தைய வரி பட்டியலா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

எனவே உங்கள் ஏற்றியில், அதாவது இந்த விதிகளைப் படித்து ஏற்றும் பகுதியில், சில சோதனைகள் இருக்கட்டும். ஒரு குறி இன்னொன்றின் முன்பகுதியாக இருந்தால் நீளமானதற்கே முதலிடம் என்று விதி வையுங்கள். எந்த மொழியின் எழுத்தும், எழுத்தோடு ஒட்டும் குறியும் குறிமுறைக்கு ஆகாது. அதாவது தமிழின் கால், கொம்பு, புள்ளி போன்றவற்றைத் தவறியும் அனுமதிக்காதீர்கள். இணைய முகவரிகளை மற்ற எல்லாக் குறிகளுக்கும் முன்பே பிடித்துத் தனியே வைத்துவிடுங்கள். பட்டியல் குறிக்கு அடுத்து இடைவெளி கட்டாயம், திறக்கும் இணைக்குறிக்கு அடுத்து இடைவெளி கூடாது. இந்த ஒரு விதி நட்சத்திரக் குறியின் இரட்டைப் பணியைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். விலக்குக் குறியை, அதாவது ‘அடுத்து வருவது குறியல்ல, வெறும் எழுத்து’ என்று சொல்லும் பின்சாய்கோட்டை, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடுங்கள். அது நிலையாக இருந்தால்தான் ஒரு தொகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பிழையின்றி மாற்ற முடியும்.

மூடப்படாத குறி எப்போதும் வெறும் எழுத்தாகவே தெரியட்டும். பிழைச் செய்தி வேண்டாம். குறிப்பு எழுதுகிறவர் பாதியில் எழுந்து போகிறவர். பத்தியைத் தாண்டி எந்த இணைக்குறியும் நீளக் கூடாது. இல்லையென்றால் ஒரு நட்சத்திரத்தை மறந்ததற்கு முழுப் பக்கமும் தடித்துப் போகும்.

பார்சரின் அமைப்பு குறித்து ஒரு சொல். விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக உரை முழுவதும் ஓடவிட்டுப் பதிலிடும் முறை வேண்டவே வேண்டாம். ஒரு விதி போட்ட வெளியீட்டை அடுத்த விதி குறியாக நினைத்துக் கடித்துவிடும். முதலில் வரிகளைப் பார்த்துப் பத்தி, பட்டியல், தலைப்பு எனக் கட்டங்களாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இடமிருந்து வலமாக ஒரே தடவை நடங்கள். டிட்லிவிக்கியின் தற்போதைய பார்சர், ஒவ்வொரு விதியிடமும் ‘உனக்குரிய அடுத்த இடம் எது’ என்று கேட்டு, மிக அருகில் இருப்பதற்கு வாய்ப்புக் கொடுக்கிறது. செருகுநிரல்கள் புதிய விதிகளைச் சேர்க்க இது நல்ல ஏற்பாடு. டோக்குவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருளில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு வரிசை எண்; சிறிய எண்ணுக்கு முன்னுரிமை. எண்ணை விட ‘இதற்கு முன், இதற்குப் பின்’ என்ற பிஎம்விக்கி வழியே எனக்குப் பிடிக்கிறது. இரண்டு செருகுநிரல்களை எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே எண்ணைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடும்.

இனி இணைப்பு. விக்கியின் உயிர் இதுதான். தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கருவி செய்கிறீர்கள் என்றால் இங்கேதான் மிக அதிக நேரம் செலவிட வேண்டும்.

1995-இல் வார்டு கன்னிங்ஹாம் தொடங்கிய முதல் விக்கியில் அடைப்புக்குறியே கிடையாது. இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பேரெழுத்தில் தொடங்கி ஒட்டி எழுதினால் அதுவே இணைப்பு. பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இல்லாத எந்த எழுத்துமுறைக்கும் அது பொருந்தாது. 2001-இன் தொடக்கத்தில் விக்கிப்பீடியா ஓடிக்கொண்டிருந்த யூஸ்மாட் விக்கியில் [[ ]] வந்த பிறகுதான் இயல்பான தலைப்புகள் சாத்தியமாயின. ஆப்சிடியன், ரோம் போன்ற இன்றைய குறிப்புச் செயலிகள் வரை அந்த இரட்டை அடைப்புதான் நீடிக்கிறது. உங்கள் சேமிப்பு வடிவத்திலும் அதையே வையுங்கள். இவ்வளவு பேர் கற்றுவிட்ட குறியை மாற்றுவதால் ஆதாயம் இல்லை.

ஆனால் தமிழில் பெயர் தனியே நிற்பது குறைவு. சென்னையில், சென்னைக்கு, சென்னையின் என்று உருபோடுதான் வரும். மீடியாவிக்கியில் [[சென்னை]]யில் என்று எழுதினால் ‘சென்னையில்’ என்ற முழுச் சொல்லும் இணைப்பாகத் தெரியும், இலக்கு ‘சென்னை’ பக்கமாகவே இருக்கும். இணைப்பை ஒட்டி வரும் எழுத்துகளை எது வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று மொழிவாரியாக அங்கே ஒரு விதி உண்டு; ஆங்கிலத்துக்குச் சிற்றெழுத்துகள், தமிழுக்கு யூனிகோடின் தமிழ்ப் பகுதி. பல குறிப்புச் செயலிகளில் இது இல்லை; சொல் பாதியில் நிறம் மாறி நிற்கும். உங்கள் செயலியில் இதை முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

இதுவும் பாதித் தீர்வுதான். மரம் என்பது மரத்தில் ஆகும், வீடு வீட்டில் ஆகும், தமிழ் என்பது தமிழை ஆகும். அடைப்புக்கு வெளியே உருபை ஒட்டுவதால் இவை கிடைக்கா. [[மரம்|மரத்தில்]] என்று இரண்டையும் எழுத வேண்டும், அல்லது கருவி எழுதித் தர வேண்டும். பயனர் ‘மரத்தி’ என்று தட்டும்போதே ‘மரம்’ பக்கத்தைப் பரிந்துரைத்து, தேர்ந்தெடுத்ததும் அவர் தட்டிய வடிவத்தைக் கோட்டுக்குப் பின்னால் வைத்துவிடும் தொகுப்பான் எவ்வளவு பேருக்கு உதவும்! முழு உருபனியல் பகுப்பாய்வு தேவையில்லை. -ம் ஈறு -த்து ஆவது, -டு -ட்டு ஆவது, -று -ற்று ஆவது என்ற சில விதிகளே பெரும்பகுதியைப் பிடித்துவிடும். தவறான பரிந்துரை வந்தால் பயனர் புறக்கணித்துவிட்டுப் போவார்.

இதே ஒட்டுமொழிச் சிக்கல் தடித்த எழுத்திலும் உண்டு. மார்க்டவுன் என்ற பரவலான எளிய குறிமுறையைத் துல்லியமாக வரையறுக்க 2014-இல் வந்த காமன்மார்க், குறியின் இருபுறமும் உள்ள எழுத்துகளைப் பார்த்தே அது திறக்கிறதா மூடுகிறதா என்று முடிவு செய்கிறது. **சென்னை**யில் என்பது சரியாக வேலை செய்யும். அதையே அடிக்கோட்டில் __சென்னை__யில் என்று எழுதினால் தடிக்காது. சொல்லுக்கு நடுவே வரும் அடிக்கோடு குறியல்ல என்பது அங்கே விதி. இன்னும் வியப்பு: **“சென்னை”**யில் என்று மேற்கோளோடு எழுதினால் நட்சத்திரமும் வேலை செய்யாது. மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறி, பின்னால் எழுத்து; அப்படி இருந்தால் அது மூடுகுறி அல்ல என்று விதி சொல்கிறது. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாத சீன, ஜப்பானிய மொழியினர் இதை நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். காமன்மார்க்கை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜான் மெக்ஃபார்லேன் 2022-இல் வடிவமைத்த ஜாட் என்ற குறிமுறையில் விதி மிக எளிது: அடுத்து வெற்றிடம் இல்லையென்றால் திறக்கலாம், முன்னால் வெற்றிடம் இல்லையென்றால் மூடலாம். நிறுத்தக்குறியைப் பற்றிய பேச்சே இல்லை. உங்கள் இணைக்குறிகளுக்கு இந்த விதியையே பரிந்துரைக்கிறேன். உருபு ஒட்டும் மொழிக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது.

பக்கப் பெயர்களை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘ஔ’ என்ற ஓரெழுத்தையும் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்த ‘ஒள’வையும் அது ஒன்றாக்காது. ஸ்ரீ என்பதற்கும் இரண்டு குறியேற்றங்கள் புழக்கத்தில் இருக்கின்றன, அவையும் இணையா. சொல்லுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்புத்தடை எழுத்து ஒளிந்திருப்பதும் உண்டு. எனவே தலைப்பை எழுதியபடியே காட்டுங்கள். ஒப்பிடுவதற்கு மட்டும் இவற்றையெல்லாம் சமன்செய்த ஒரு திறவுகோலை உள்ளே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ‘ஔவையார்’ என்ற பெயரில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பக்கங்கள் உருவாகும். ஏன் இணைப்பு வேலை செய்யவில்லை என்று பயனருக்குக் கடைசிவரை தெரியாது.

கடைசியாக, திரும்ப எழுதும் பகுதி. உரையைப் படித்து மரமாக்குவதை, அதாவது பத்தி, தலைப்பு, இணைப்பு என்று கிளைகளாக அடுக்கிய உள்ளமைப்பாக மாற்றுவதை, எல்லோரும் முதலில் எழுதுகிறார்கள். மரத்தை உரையாக்குவதைப் பிறகு பார்க்கலாம் என்று விடுகிறார்கள். மீடியாவிக்கியின் உரைக்கு நெடுங்காலம் முறையான இலக்கணமே இல்லை. பதிலீட்டு விதிகளின் அடுக்காகவே வளர்ந்தது. பார்த்தபடியே தொகுக்கும் விஷுவல் எடிட்டர் வேண்டும் என்றபோது, இருபுறமும் மாற்றக்கூடிய பார்சாய்டு என்ற தனி மென்பொருளையே எழுத வேண்டியதாயிற்று. அதில் ஒரு நல்ல உத்தி இருக்கிறது: பயனர் தொடாத பகுதிகளைப் புதிதாக எழுதாமல், மூலத்தில் இருந்த எழுத்துகளையே அப்படியே வைத்துவிடுகிறது. ஒரு சொல்லைத் திருத்தினால் பக்கம் முழுவதும் மாறியதாக வரலாற்றில் காட்டாமல் இருக்க அதுவே வழி. உங்கள் மரத்தின் ஒவ்வொரு கணுவும் தான் மூலத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை நினைவில் வைத்திருக்கட்டும். பிற்பாடு சேர்ப்பது பெரும்பாடு.

வேலையின் வரிசையை நான் இப்படி வைப்பேன். முதலில் மரத்தின் கணு வகைகள்: பத்தி, தலைப்பு, பட்டியல், இணைப்பு, வலியுறுத்தல், நிரல், பெயருள்ள நீட்டிப்பு. அடுத்து மரத்திலிருந்து உரை. அதன் பிறகு உரையிலிருந்து மரம். சீரற்ற முறையில் உருவாக்கிய ஆயிரக்கணக்கான மரங்களை எழுதிப் படித்து, அதே மரம் திரும்ப வருகிறதா என்று பார்க்கும் சோதனையை அப்போதே சேருங்கள். காமன்மார்க் வரையறையில் 600-க்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் சோதனைகளாகவே கிடைக்கின்றன. உங்கள் விதி வேறுபடும் இடங்களை மட்டும் திருத்தி, உருபு ஒட்டிய தமிழ் வரிகளையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். பயனர் குறித்தொகுப்பு ஒவ்வொன்றும் இதே சோதனையைக் கடக்க வேண்டும்: அந்தத் தொகுப்பில் எழுதி, அதே தொகுப்பில் படித்தால் மரம் மாறக் கூடாது. மாறினால் செயலி அந்தத் தொகுப்பை ஏற்க மறுத்து, எந்த இரண்டு குறிகள் மோதுகின்றன என்பதைப் பயனருக்கு ஓர் எடுத்துக்காட்டு வரியோடு காட்டட்டும்.